பின்சீட்டுப் பார்ட்டி

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வாடகை வண்டிகள் நிற்கிற இடத்தில் போய், "தேவஇரக்கம் அண்ணன் எங்க?" என்று கேட்டால், "எந்தப் பார்ட்டியக் கூட்டிட்டு எங்க போயி அளந்துக்கிட்டிருக்காரோ" என்றுதான் பதில் வரும். வாடகைக்கு வண்டி எடுக்கிறவர் கலெக்டராக இருந்தாலும் கல்யாண வீட்டுக்காரராக இருந்தாலும் டிரைவர்களுக்கு அவர் பார்ட்டி. தேவஇரக்கத்துக்கு வாய்ப்பதெல்லாம் ஊர் சுற்றிப் பார்க்க வருகிற பார்ட்டி. புனேக்காரர்கள், ஹைதராபாத்துக்காரர்கள், கோயில் கோயிலாக ஏறி இறங்குகிற பெரிய குடும்பங்கள். இருபத்தாறு வருஷத்தில் மூன்று வண்டி மாற்றிவிட்டார். பேச்சை மட்டும் மாற்றவில்லை.

படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. பேச்சு நிற்கவில்லை. மலையைக் காட்டி, "அந்தா பாருங்க, புலி படுத்திருக்கிற மாதிரி இல்ல?" என்பார். பார்ட்டி உற்றுப் பார்க்கும். புலி தெரியாது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு போட்டோ எடுத்துக்கொள்ளும். "இந்த ரோட்ட ஒரு வெள்ளைக்காரத் துரை வேட்டைக்குப் போறதுக்குன்னே போட்டான் சார்" என்பார். எந்தத் துரை என்று கேட்டால், "அவனுக்குப் பேரு ரொம்ப நீளம்" என்பார். காய்ந்து கிடக்கிற அருவியில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "நேத்து சாயந்தரம் வரைக்கும் விழுந்துச்சு" என்று கையை விரிப்பார். அவர் வாயில் அருவி எப்போதும் நேற்றுதான் விழுந்தது. அப்படியும் பொழுது சாயும்போது பார்ட்டி செல்போனை எடுத்து அஞ்சு ஸ்டார் போட்டுவிட்டுத்தான் ரயில் ஏறும்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு வீட்டில் ஒரு சிக்கல் வந்தது.

ஒரே மகள் இவாஞ்சலின் பெங்களூரில் இருக்கிறாள். அவளும் மருமகன் கிளாட்வினும் சேர்ந்து அங்கே ஒரு வீடு வாங்கினார்கள். மூன்று ரூம். "ஒரு ரூமு உங்களுக்குன்னே விட்டு வச்சிருக்கு. ஜூன்ல ஒங்க பேரன ஸ்கூல்ல சேக்கோம். அதுக்குள்ள அங்க வீட்டக் காலி பண்ணிட்டு வந்துருங்க" என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன். போய்ப் பார்த்துவிட்டு வருகிற பேச்சில்லை. ஒரேயடியாகப் போகிற பேச்சு.

தேவஇரக்கத்துக்கு அது காதில் விழும்போதே எரிச்சலாக வந்தது. வண்டியை யார் ஓட்டுவது, வீட்டை யார் பார்ப்பது என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி ஏசம்மாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். அதுதான் அவருக்குப் பயம். ஏசம்மாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பாதி முடிவெடுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏட்டி, இந்த ஊருல இல்லாதது அந்தப் பெங்களூருல என்ன இருக்கு?"

அரிசி களைந்துகொண்டிருந்த ஏசம்மாள் நிமிரவில்லை. "இந்த ஊருல என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? கல்யாணம் முடிச்சு வந்து இருபத்தெட்டு வருசம். ஊரு ஒலகத்துக்கெல்லாம் காட்டுனீங்க. எனக்குக் காட்டுனது மார்க்கெட்டும் ரேஷன் கடையுந்தான்."

"இப்ப என்ன, காட்டணுமா?"

"காட்டுங்க. பார்ட்டிக்கு எப்படிக் காட்டுவீங்களோ அப்படி. காலையில எடுத்துட்டுச் சாயந்தரம் விடணும். எறங்குறதுக்குள்ள, இங்கயா பெங்களூரான்னு நான் சொல்லிருதேன். பொறவு ரெண்டு பேருக்கும் மறுபேச்சு கெடையாது."

"நீ சொன்னதுதானா?"

"நான் சொன்னதுதான்."

தேவஇரக்கம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். பாஷை தெரியாதவனுக்கே வெறும் பாறையை விற்றவர். கட்டின பெண்டாட்டிக்குச் சொந்த ஊரை விற்க எம்புட்டு நேரம் ஆகும்?

பிப்ரவரி மாதம், ஒரு சனிக்கிழமை. டவேராவைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்தி, முன் கதவைத் திறந்துவிட்டார். ஏசம்மாள் பின் கதவைத் திறந்து ஏறி நடு சீட்டில் உட்கார்ந்தாள். சர்ச்சுக்குக் கட்டுகிற சேலை. கையில் தண்ணீர்ப் பாட்டில். மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்து, பெட்டியிலேயே கிடந்த கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டியிருந்தாள்.

"ஏட்டி, முன்னால வா. இது என்ன கூத்து?"

"பார்ட்டிய ஏட்டின்னுதான் கூப்புடுவீங்களோ?"

தேவஇரக்கம் தெருவைப் பார்த்தார். எதிர்வீட்டுப் பாண்டீஸ்வரி விளக்குமாற்றோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "போலாமா மேடம்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுவிட்டு வண்டியை எடுத்தார்.

முதலில் ஊருக்கு மேற்கே அய்யனார் கோயில் அருவி. பருவ மழை முடிந்து ரெண்டு மாசம் ஆகியிருந்தது. பாறை இடுக்கில் பல் தேய்க்கக்கூடக் காணாத அளவுக்குத் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. தேவஇரக்கத்தின் வாய் அவரைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"நேத்து சாயந்தரம் வரைக்கும் விழுந்துச்சு மேடம்."

ஏசம்மாள் கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பாறையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "நேத்து சாயந்தரம் நீங்க எங்கூட உக்காந்து மொச்சைக்காய் உரிச்சுக்கிட்டிருந்தீங்க."

"நம்ம ஸ்டாண்டு ஐயாதுரை சொன்னான்."

"ஐயாதுரை நேத்து திருச்செந்தூருக்கு வாடகை போயிட்டாருன்னு நீங்கதான சொன்னீங்க."

தேவஇரக்கம் செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் காலை நனைக்கப் போனார். நனைக்கிற அளவுக்குத் தண்ணீர் இல்லை. ஆனாலும் ஏசம்மாள் செத்த நேரம் அந்த மர நிழலில் உட்கார்ந்திருந்தாள். குரங்குகளைப் பார்த்துச் சிரித்தாள். "காத்து நல்லாருக்கு" என்றாள். தேவஇரக்கம் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டார். ஒன்று தேறிவிட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்போது மணி பத்தே முக்கால். கோயிலுக்கு முன்னால் வழக்கமாக நிறுத்துகிற நிழலில் வண்டியை ஒதுக்கினார். இந்த இடத்துக்கு வந்தால் அவருக்குத் தனித் தெம்பு வந்துவிடும். கோபுரத்தை அண்ணாந்து கையைக் காட்டினார்.

"பதினோரு நெல மேடம். அரசாங்க முத்திரையில இருக்கிற கோபுரம் இதுதான். உள்ள போனீங்கன்னா ஒரு கண்ணாடி வரும். ஆண்டாள் மாலையப் போட்டு அழகு பாத்த கண்ணாடி. ஆள் ஒசரம். பெல்ஜியத்துலேருந்து கப்பல்ல வந்தது."

ஏசம்மாள் இறங்கப்போனவள் அப்படியே நின்றாள். "என்னது, கப்பல்லயா?"

"ஆமா. இப்ப ஒரு சில்லு ஒடைஞ்சா வாங்க முடியாது."

"நீங்க உள்ள போயிருக்கீங்களா?"

தேவஇரக்கம் கொஞ்சம் தடுமாறினார். இருபத்தாறு வருஷத்தில் ஆயிரம் தடவையாவது இந்த நிழலில் நின்றிருப்பார். பார்ட்டி உள்ளே போகும், இவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்குவார், பார்ட்டி வந்து கண்ணாடியைத் தட்டும். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர் என்பதற்காக யாரும் அவரைத் தடுத்ததில்லை. அவரும் போக நினைத்ததில்லை. திரும்பி வருகிறவர்கள் ஆளுக்கொன்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுத்தான் உள்ளே இருப்பதெல்லாம் அவருக்குப் பாடம்.

"போனாத்தான் தெரியணுமா? சொல்லக் கேட்டதுதான்."

"அது கெணறுங்க."

"எது?"

"கண்ணாடின்னு நீங்க சொன்னது. கண்ணாடிக் கெணறு. ஆண்டாள் தண்ணியில மொகம் பாத்த கெணறு. கம்பி போட்டு மூடியிருக்கும். நான் பாண்டீஸ்வரிகூட ஆடிப்பூரத் தேருக்கு வந்தப்பல்லாம் பாத்திருக்கேன். மூணு தடவ."

"நீ வந்திருக்கியா? எங்கிட்டச் சொல்லவே இல்ல?"

"நீங்க எங்க வீட்டுல இருந்தீங்க? தேருக்குன்னு பார்ட்டி கூட்டிட்டு இங்க வந்து தூங்கிக்கிட்டிருந்திருப்பீங்க."

தேவஇரக்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எத்தனை புனேக்காரர்கள் உள்ளே போய் அந்தப் பெல்ஜியம் கண்ணாடியைத் தேடியிருப்பார்கள் என்று யோசித்தபோது காது சுட்டது. கிணற்றைப் பார்த்துவிட்டு வந்தும் ஒருத்தர்கூட அவரிடம் கேட்டதில்லை. அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு இந்தி அரைகுறை. ரெண்டு பக்கமும் "அச்சா, அச்சா" என்று தலையாட்டிக்கொண்டு இருபத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பால்கோவாக் கடை. பார்ட்டி என்றால் பால்கோவாக் கடை உண்டு; அது எழுதாத சட்டம். வழக்கமான கடை வேண்டாம், வேறு எங்காவது போய்விடலாம் என்று தேவஇரக்கம் நினைத்தார். ஆனால் வண்டி பழகின மாடு மாதிரி அந்த வாசலில் போய் நின்றுவிட்டது.

கல்லாவில் இருந்த கௌதம்ராஜ் வண்டியைப் பார்த்ததுமே எழுந்தான். "வாங்கண்ணே! பார்ட்டி எத்தன பேரு? மேடம் மட்டுமா? மேடம், வாங்க, சூடா இருக்கு, ருசி பாருங்க." ஏசம்மாள் கையில் இலைத்துண்டில் ஒரு கரண்டி வைத்தான். அதே கையோடு அரைக் கிலோ பாக்கெட் ஒன்றை எடுத்து தேவஇரக்கத்திடம் நீட்டினான். "இந்தாங்கண்ணே, டிரைவர் பாக்கெட்டு."

தேவஇரக்கம் வாங்காமல் நின்றார். கண்ணால் ஜாடை காட்டினார். கௌதம்ராஜுக்கு அந்த ஜாடை பிடிபடவில்லை.

"அது என்ன தம்பி, டிரைவர் பாக்கெட்டு?" என்றாள் ஏசம்மாள்.

"பார்ட்டிய நம்ம கடைக்குக் கூட்டிட்டு வாற டிரைவருக்குக் கடையிலேருந்து சும்மா குடுக்கிறது மேடம். எங்கப்பா காலத்துலேருந்து அண்ணன் வாங்குதாரு. அவிய வீட்டு அக்காவுக்குப் பால்கோவான்னா உசுராம்."

"அப்படியா?" என்றாள் ஏசம்மாள். "அக்காவுக்கா?"

"ஆமா மேடம். ஒரு நாளு மறந்தாலும் வீட்டுக்குள்ள விட மாட்டாகளாம்."

தேவஇரக்கம் கடைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டி வத்திராயிருப்பு ரோட்டில் ஏறி நாலு மைல் போனது. பாக்கெட் முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தது.

"ஒனக்குன்னே வாங்கிட்டு வந்தேன் ஏசம்மான்னு குடுப்பீங்களே" என்றது பின்னாலிருந்து குரல்.

"ஒனக்குக் குடுக்கணும்னுதான கொண்டுவந்தேன். வழியில வித்தா போட்டேன்?"

"எனக்குப் பால்கோவா பிடிக்காதுங்க."

தேவஇரக்கம் கண்ணாடியில் பார்த்தார்.

"தெகட்டும். மனுசன் வெயில்ல அலையிற அலைச்சல்லயும் நெனப்பா வாங்கிட்டு வாராரேன்னு கண்ண மூடிக்கிட்டு ரெண்டு வாய் முழுங்குவேன். மிச்சம் பாண்டீஸ்வரி பிள்ளைகளுக்கு. அதுக ரெண்டும் அதுலதான் வளந்துச்சுக."

"பிடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"வாங்கலன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

இனி அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை பிளவக்கல் அணை. பொழுது சாய்கிற நேரத்துக்கு அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டால் எவ்வளவு கோபத்தில் இருக்கிற பார்ட்டியும் இளகிவிடும் என்பது அவர் அனுபவம். ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.

கான்சாபுரம் ஏசம்மாள் பிறந்த ஊர். "ஒங்க ஊருல நிறுத்தவா?" என்று கேட்டார். "பார்ட்டிக்குச் சொந்தக்காரங்க கெடையாது, ஓட்டுங்க" என்று அவள் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டாள். ஆனால் ஊருக்குள் மாடுகள் குறுக்கே வந்து வண்டி நின்றுவிட்டது. எதிரே புல்லுக்கட்டோடு மொபெட்டில் வந்தவர் தவசிமுத்து, ஏசம்மாளின் சித்தப்பா மகன். முன்னால் அத்தான், பின்சீட்டில் தலையைச் சாய்த்தபடி கறுப்புக் கண்ணாடி போட்ட அக்கா. அவருக்கு ஒரே நிமிஷத்தில் எல்லாம் புரிந்துவிட்டது.

"அய்யய்யோ! அக்கா! எப்ப ஆபரேசன் ஆச்சு?"

"என்ன ஆபரேசன்லே?"

"கண்ணுல. கருப்புக் கண்ணாடி போட்டுப் படுத்துக் கெடக்கியே. ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?"

"எனக்கு ஒண்ணுமில்லலே. ஊரு சுத்திப் பாக்கப் போறோம்."

தவசிமுத்து அவளை விட்டுவிட்டு தேவஇரக்கத்திடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "அத்தான், எங்கிட்ட மறைக்காதீய. டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஏலே, நெசமாவே சுத்திப் பாக்கத்தான் போறோம். அணைக்கு."

"சரி சரி. இந்த நேரத்துல குளுந்த காத்து படக்கூடாது அத்தான். கண்ணாடிய ஏத்திவிட்டு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, கலங்கின கண்ணோடு செல்போனை எடுத்தார் தவசிமுத்து.

அணைக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. தண்ணீர் நிறையக் கிடந்தது. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கியிருந்தது. மலையின் நிழல் மெல்ல மெல்லத் தண்ணீரில் நீண்டு வந்தது. தேவஇரக்கம் இங்கே எப்போதும் ஒன்றும் பேச மாட்டார். பேசாமல் இருந்தால்தான் இங்கே வியாபாரம் என்று அவருக்குத் தெரியும்.

ஏசம்மாள் இறங்கிப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

"இந்தத் தண்ணி பாஞ்ச வயல்லதான் நான் களை எடுத்தேன்" என்றாள். "ஒம்பது வயசுலேருந்து. குனிஞ்ச தலைய ஒரு தடவ நிமித்தியிருந்தா இந்த மலையப் பாத்திருப்பேன்."

அந்த நேரம் போன் அடித்தது. இவாஞ்சலின். எடுத்ததுமே அழுகை.

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல? தவசிமுத்து மாமா சொல்லித்தான் தெரியணுமா? எந்த ஆஸ்பத்திரி?"

"ஆஸ்பத்திரியும் இல்ல, ஒண்ணும் இல்லட்டி. நானும் அப்பாவும் ஊரு சுத்திப் பாக்க வந்தோம்."

"பொய் சொல்லாதம்மா. நம்ம ஊருல சுத்திப் பாக்க என்ன இருக்கு?"

ஏசம்மாளுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "என்ன இருக்கா? நீ பாத்தியா? மலை இருக்கு, தண்ணி இருக்கு, இப்ப எம் முன்னால ஒரு அணை நெறஞ்சு கெடக்கு. ஊரு ஒலகத்துலேருந்து வண்டி போட்டுக்கிட்டு வந்து பாக்காங்க. ஒனக்கு என்ன தெரியும்? அஞ்சு வருசமா ஆபீஸ்ல கெடக்கிறவளுக்கு!" என்று பொரிந்துவிட்டுப் போனை வைத்தாள்.

தேவஇரக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். முடிந்தது. அருவியில் காற்று மட்டும் தேறியது, கோயில் கைவிட்டது, பால்கோவா காலை வாரிவிட்டது, பிளவக்கல் காப்பாற்றிவிட்டது. நாளைக்கு ஐயாதுரையிடம் இதை எப்படிச் சொல்வது என்றுகூட யோசிக்கத் தொடங்கினார்.

"நல்ல ஊருங்க" என்றாள் ஏசம்மாள், தண்ணீரைப் பார்த்தபடி.

"நான்தான் சொன்னேன்ல."

"வருசத்துக்கு ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போகணும்."

தேவஇரக்கத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாத்துட்டு... போகணுமா? ஏட்டி, அப்ப இங்கயே இருக்கிறது?"

"இருந்தா எங்கங்க பாக்க முடியுது? இருபத்தெட்டு வருசம் இருந்துதான் பாத்தேனே. குழாய்த் தண்ணிக்கு நிக்கவும், ஒங்களுக்குச் சோறு கட்டிக் குடுக்கவும், வீட்டுல உக்காந்து கூலிக்கு நைட்டி தைக்கவும் சரியா இருந்துச்சு. வந்து போறவங்களுக்குத்தாங்க இது நல்ல ஊரு. இன்னிக்கு நல்லா இருந்துச்சு. நெசமாச் சொல்லுதேன், ரொம்ப நல்லா இருந்துச்சு."

தேவஇரக்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. இருபத்தாறு வருஷத்தில் அவர் சந்தோஷப்படுத்தின பார்ட்டி ஒன்றுகூட இந்த ஊரில் தங்கியதில்லை. நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுத்தான் எல்லோரும் ரயில் ஏறினார்கள். ஊரைப் பார்க்க வைக்கத்தான் அவருக்குத் தெரியும். இருக்க வைக்கத் தெரியாது. அவர் இருப்பதற்குக் காரணம் வேறு. வண்டி ஸ்டாண்டில் வேப்பமர நிழல், காலை ஏழு மணி டீ, ஐயாதுரையோடு ஒன்றுமில்லாத விஷயத்துக்கு மத்தியானம் வரை சண்டை. இதை எந்தப் பார்ட்டிக்குக் காட்டுவது? அதில் எதிலும் ஏசம்மாள் இல்லை என்பதும் இன்றைக்குத்தான் தெரிந்தது.

"நாளைக்கும் ஒரு நாளு வையி" என்றார். "சஞ்சீவி மலை இருக்கு. செண்பகத்தோப்பு இருக்கு. அங்க சாம்பக் கலர்ல அணில் ஒண்ணு, பூனை பெருசு இருக்கும்..."

"ஒரு நாள்தான பேச்சு, டிரைவர்?"

மறுபேச்சு கிடையாது என்று ஒப்புக்கொண்டவர் அவர்தான். வண்டியை எடுத்தார்.

"நான் வரலன்னா?" என்று கேட்டார் வழியில்.

"வரலன்னா என்ன? வருசத்துக்கு ஒரு தடவ நான் வாரப்போ வண்டி ஓட்ட ஆள் வேணும்ல."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வ. புதுப்பட்டி தாண்டுகிறவரை ரோட்டையே பார்த்து ஓட்டினார். சாயந்தரம் வீட்டுக்கு வந்து தானே பூட்டைத் திறப்பதை நினைத்துப் பார்த்தார். இன்றைக்கு எந்தப் பார்ட்டியிடம் என்ன சொன்னேன் என்று அந்தச் சுவரிடமா சொல்வது? சுவருக்கு நம்பவும் தெரியாது, நம்பாமல் இருக்கவும் தெரியாது. கண்ணாடியில் பார்த்தார். ஏசம்மாள் ஜன்னலில் முகத்தை வைத்து, புனேக்காரர்கள் மாதிரியே வாயைத் திறந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் தொண்டையைச் செருமினார்.

"ஏசம்மா."

"ம்."

"அந்த ரூமுல ரெண்டு கட்டில் கொள்ளுமா?"

பின்னால் போன் போடுகிற சத்தம் கேட்டது. "ஏட்டி, நான்தான். கண்ணெல்லாம் நல்லாருக்கு, அத விடு. அந்த ரூமுல ரெண்டு கட்டில் கொள்ளுமான்னு ஒங்கப்பா கேக்காரு... கொள்ளுமாங்க. ஜன்னல் பக்கம் யாருக்குப் போடணும்னு கேக்கா."

"ஜன்னல்ல என்ன தெரியும்னு கேளு."

ஏசம்மாள் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்:

"எதுத்த வீட்டு ஜன்னலாம்."

"அப்ப நீயே படுத்துக்க" என்று சொல்லிவிட்டு, தேவஇரக்கம் முன்னால் போன லாரிக்கு ஹாரன் அடித்தார்.